சாத்தையாவின் காது மெஷின்

எனக்குக் காது மெஷின் மாட்டிவிட்ட பெண்ணுக்கு என் பேத்தி வயதுதான் இருக்கும். செக்காலை ரோட்டில் கண்ணாடிக் கதவு போட்ட குளுகுளு அறையில் உட்கார வைத்து, பட்டாணி அளவில் ஒன்றைக் காதுக்குள் செருகினாள். செருகியது வெளியே தெரியவில்லை. நானும் இதே ஊரில் இதே வேலையைப் பார்த்து ஓய்வு பெற்றவள் என்று தெரிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இவ்வளவு சின்னதா வந்தும் வாங்கிட்டுப் போய் டிராயர்ல போட்டுடறாங்க மேடம். பெரியவங்க ஏன் இப்படிப் பண்றாங்க? உங்க காலத்துலயும் இப்படித்தானா?"

வெளியே அடுத்தவர் காத்திருந்தார். "இப்படித்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

நான் தேவகோட்டைக்காரி. பள்ளிப் படிப்பு முடித்து, சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காது கேட்கும் அளவை எடுக்கப் பழகினேன். அறுபதுகளின் நடுவில், காரைக்குடியில் காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவர் ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டு வந்து சேர்ந்தேன். வெள்ளைக் கோட்டுப் போட்டிருக்கிறாள், நர்ஸும் இல்லை, டாக்டரும் இல்லை, என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் எல்லோரும் என்னை 'டீச்சரம்மா' என்றார்கள். கடைசிவரை அந்தப் பெயர்தான் நின்றது.

எங்கள் டாக்டர் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். குள்ளமான மனிதர். குரலை உயர்த்தவே மாட்டார். காது கேளாதவர்களிடம் கத்திப் பேசுகிற ஊழியரை அவர் வேலையில் வைத்துக்கொண்டதில்லை. பகல் நேரத்திலும் மேஜை விளக்கைப் போட்டு, அதன் வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி திருப்பி வைத்திருப்பார். முதல் நாள் நான் அதை எதிரே இருப்பவர் பக்கம் திருப்பினேன். மறுபடியும் தன் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்: "காது கேக்காதவுக கண்ணாலதான் கேக்குறாக. நம்ம மூஞ்சி இருட்டுல கெடந்தா அவுக எதைக் கேப்பாக?"

அவரிடம் இன்னொரு வழக்கம் இருந்தது. சோதனையெல்லாம் முடிந்த பிறகு, கூட வந்தவர்களைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பார். "வீட்டுல இவுகளோட யாரு பேசுறது?" அதற்குச் சட்டென்று பதில் வந்தால்தான் மெஷின் எழுதுவார். கூட வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால், "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்" என்று அனுப்பிவிடுவார். டாக்டர் தொழில் தெரியாதவர் என்று இதற்காகவே சிலர் பேசிக்கொண்டார்கள்.

அன்றைய மெஷின் என்றால் தீப்பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய அளவில் ஒரு பெட்டி. பேட்டரி அதற்குள்ளேயே இருக்கும். பெட்டியிலிருந்து ஒரு வயர் காதுக்கு ஏறும். பெட்டியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கூட வரும் தாளில் படம் போட்டிருக்கும். எங்களிடம் வந்த பெரியவர்களில் பாதிப் பேர் சட்டையே போட மாட்டார்கள். வேட்டியும் துண்டும்தான். வயதான ஆச்சிகள் பலருக்கு ரவிக்கை கிடையாது. பெட்டியை எங்கே வைப்பது? மல் துணியில் சின்னப் பை தைத்துக் கழுத்தில் தொங்கவிடும்படி கொடுத்தோம். துணி உரசினால் காதுக்குள் வைக்கோல் போரைப் பிடித்து இழுப்பதுபோல் சத்தம் வரும். துண்டை இழுத்து மூடினால் பேச்சு அமுங்கிவிடும். காதில் வைக்கிற அச்சு சரியாக உட்காராவிட்டால் விசில் அடிக்கும். அது மாட்டியிருப்பவருக்குக் கேட்காது, ஊருக்கே கேட்கும். கோயிலில் பூசை நேரத்தில் விசில் அடித்து எல்லோரும் திரும்பிப் பார்த்ததால் கழற்றி வைத்தவர்கள் உண்டு.

இவையெல்லாம் சரி செய்யக் கூடிய காரணங்கள். சரி செய்ய முடியாத காரணம் ஒன்றை நான் முதலில் பார்த்தது கொத்தமங்கலத்தில்.

ஒரு ஆச்சியை அவருடைய மகன் அழைத்து வந்தார். வெளியூரில் தொழில் செய்பவர், மறுநாள் ஊருக்குப் போக வேண்டிய அவசரம். டாக்டர் தன் கேள்வியைக் கேட்டார்.

"வேலைக்காரவுக இருக்காக. கணக்குப்பிள்ளை வந்து போவாரு" என்றார் மகன்.

"அவுக ஆச்சிகூட என்ன பேசுவாக?"

மகன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். ஆனாலும் மெஷின் வேண்டும் என்று நின்றார். கொடுத்தோம்.

மெஷின் கொடுத்த ஒரு மாதத்தில் நான் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவர வேண்டும் என்பது டாக்டர் போட்டிருந்த முறை. அப்படித்தான் அந்த வீட்டுக்குப் போனேன். முகப்பிலிருந்து உள்ளே நடந்து நடந்து இரண்டாங்கட்டு முற்றத்துக்கு வந்தால் அங்கே ஒரு தூணோரத்தில் ஆச்சி தனியாக உட்கார்ந்திருந்தார். அத்தனை பெரிய வீட்டில் வேறு யாரும் கண்ணில் படவில்லை. மெஷின் காதில் இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து காதோரம் கேட்டேன்.

"போட்டாப் பாத்திரம் விழுகுறது கேக்குது. புறா கத்துறது கேக்குது. மனுசச் சத்தம் எங்குட்டிருந்து வரும்?" என்றார். பிறகு, நான் கேட்காமலே சொன்னார்: "இதைக் கழட்டி வச்சிருந்தா, காது கேக்கலைங்கிறதுனால யாரும் பேச மாட்டேங்கிறாகன்னு நெனச்சுக்கிறலாம். போட்டுக்கிட்டா அப்படி நெனைக்க முடியலையே."

திரும்பி வந்து டாக்டரிடம் இதை அப்படியே சொன்னேன். அவர் அடுத்த நோயாளியை உள்ளே வரச் சொல்லிவிட்டார்.

சாத்தையாவும் பஞ்சவர்ணமும் வந்தது அதற்குப் பிறகு. வலையபட்டிக்கு அங்குட்டு ஒரு சின்ன ஊர். சொந்தமாகக் கொஞ்சம் நிலம், அதில் ஒரு கிணறு. அந்த நிலத்தைத்தான் கொல்லை என்பார்கள். ஒரே மகன் பட்டாளத்தில் இருந்தான். அப்பாவுக்கு மெஷின் வாங்கிக் கொடுக்கச் சொல்லி அவன்தான் எழுதியிருந்தான். சாத்தையா நல்ல உயரம், அறுபதைத் தாண்டியவர். பஞ்சவர்ணம் அவர் தோளுக்குக்கூட வரமாட்டார். டாக்டர் ஒன்று சொன்னதும் இரண்டு விரலால் கணவர் முழங்கையைத் தட்டுவார். அவர் குனிந்து மனைவியின் முகத்தைப் பார்ப்பார். டாக்டர் சொன்னதைப் பஞ்சவர்ணம் வாயை அகலத் திறந்து, துண்டு துண்டாக, உரக்கச் சொல்வார். அவருக்கு எல்லாம் புரிந்துவிடும்.

டாக்டர் கேள்வியைக் கேட்டு முடிக்கக்கூட இல்லை. "நான்தான் பேசுறேன். வேற யாரு பேசுறா?" என்றார் பஞ்சவர்ணம்.

டாக்டர் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. அன்று சிரித்தார். அவர்கள் போன பிறகு, "இந்த வீட்டுல மெஷின் நிலைச்சு நிக்கும் பாருங்க" என்றார்.

ஒரு மாதம் கழித்து நான் போனபோது மெஷின் தகரப் பெட்டிக்குள் இருந்தது.

"மம்பட்டி போட்டா நெஞ்சுல இடி இடிக்குது. காத்தடிச்சா மழை கொட்டுற மாதிரி இருக்கு" என்றார் சாத்தையா. "எனக்கு எதுக்கும்மா இது? இவ சொல்றது எனக்குப் புரியுது. ஊரு சொல்றதை இவ சொல்லிர்றா."

பஞ்சவர்ணம் கொல்லையிலிருந்து வந்து எனக்கு மோர் கொடுத்தார். "நான் இருக்கையில இவுகளுக்கு எதுக்கு மிசினு?" என்றார். "கத்திக் கத்தி எனக்கும் தொண்டை பழகிருச்சு. பத்துக் கொல்லைக்குக் கேக்கும் என் சத்தம்."

டாக்டரிடம் சொன்னேன். மெஷினைவிட அந்த அம்மாள் மேல் என்று சொல்லி, மறுபடி மாட்டச் சொல்லி வற்புறுத்த வேண்டாம் என்றார்.

பஞ்சவர்ணம் கிணற்றில் விழுந்து இறந்தார் என்ற செய்தி எங்களுக்குப் போலீஸ் மூலமாக வந்தது. ஒரு சப்-இன்ஸ்பெக்டர், சாத்தையாவையும் பஞ்சவர்ணத்தின் தம்பி ஆண்டியப்பனையும் அழைத்துக்கொண்டு வந்தார். சாத்தையாவுக்கு எந்த அளவு காது கேட்கும் என்று டாக்டர் எழுதிக் கொடுக்க வேண்டும்.

நடந்தது இது. காலையில் இருவரும் கொல்லைக்குப் போயிருக்கிறார்கள். சாத்தையா வரப்பு வெட்டிக்கொண்டிருந்தார். பஞ்சவர்ணம் தண்ணீர் எடுக்கக் கிணற்றுப் படிக்கல்லில் இறங்கினார். கால் வழுக்கியிருக்கிறது. உடனே முழுகிவிடவில்லை. கல்லைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் கூப்பிட்டிருக்கிறார். விரல்கள் எந்த நிலையில் இருந்தன என்பதை சப்-இன்ஸ்பெக்டர் டாக்டரிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். சாத்தையா கூப்பிடு தூரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு வெட்டிக்கொண்டிருந்தார்.

இன்னும் தள்ளி ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண்களுக்கு அந்தக் குரல் கேட்டிருக்கிறது. ஏன் போகவில்லை என்று போலீஸ் கேட்டதற்கு, "அந்தம்மா எப்பவும் அப்படித்தான் புருசனைச் சத்தம் போட்டுக் கூப்பிடும். அதுன்னு நெனச்சோம்" என்றார்களாம்.

ஆண்டியப்பனுக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "இவருக்கு வேணும்கிறது நல்லாக் கேக்கும் சார்" என்றார் டாக்டரிடம். "வேண்டாததுதான் கேக்காது. எங்க அக்கா அவ்வளவு கத்தியிருக்கு. அங்கனயே நின்னுக்கிட்டுப் போகலை."

காது கேளாதவர்களின் வீட்டார் இந்தப் பேச்சைப் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. ஆனால் அதைப் போலீஸ்காரர் முன்னால் ஒருவர் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

சாத்தையாவைச் சோதனை அறைக்கு அழைத்துப் போனேன். அந்த அறை முன்பு சாமான் போட்டு வைத்த அறை. சுவர் முழுக்கக் கயிற்றுப் பாயும் பழைய மெத்தையும் அடித்துச் சத்தம் புகாமல் செய்திருந்தோம். அப்படியும் ரோட்டில் பஸ் போனால் நிறுத்திக் காத்திருக்க வேண்டும். ஆடியோமீட்டர் சூடாகச் சிறிது நேரம் பிடிக்கும். ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும், நின்றால் இறக்க வேண்டும் என்று செய்து காட்டினேன். முன்பே செய்தவர்தான். தலையசைத்தார்.

பெரிய சத்தத்தில் ஆரம்பித்துப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். எந்த இடத்தில் விரல் எழாமல் போகிறதோ அங்கிருந்து சிறிது சிறிதாக ஏற்ற வேண்டும். மறுபடி எங்கே எழுகிறதோ அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. நான் குறைத்துக்கொண்டே வந்தேன். விரல் எழுந்துகொண்டே இருந்தது. முன்பு அவருக்குக் கேட்காத அளவுக்கு வந்தேன். விரல் எழுந்தது. எனக்கே கேட்குமா என்று சந்தேகப்படும் அளவுக்கு வந்தேன். எழுந்தது.

என் தோள் அசைவதைப் பார்த்துத் தூக்குகிறாரோ என்று நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பினேன். பிறகு சத்தமே கொடுக்காமல் சும்மா இருந்தேன். சிறிது நேரம் போனதும் விரல் மேலே போனது. இறங்கியது. மறுபடி போனது.

கேட்டும் கேட்காததுபோல் நடிப்பவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது என்று சென்னையில் எங்களுக்குப் பாடமே உண்டு. கேட்காததைக் கேட்டதாக ஒருவர் நடிப்பார் என்று யாரும் சொல்லித் தரவில்லை. டாக்டரைக் கூப்பிட்டேன்.

அவர் வந்து கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு ஆடியோமீட்டரின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினார். விரல் எழுந்தது. டாக்டர் சாத்தையாவின் தலையிலிருந்து ஹெட்போனை இரண்டு கையாலும் மெதுவாக எடுத்தார். இசைக்கவையைத் தட்டி ஒரு காதில் வைத்தார், தட்டாமல் மறு காதில் வைத்தார். இரண்டுக்கும் "கேக்குது" என்றார் சாத்தையா. பின்னால் நின்று வார்த்தைகளைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார். ஒன்றும் வரவில்லை. டாக்டர் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, முகத்துக்கு முகம் வைத்துப் பேசினார்.

"மெஷின் ஓடலை, சாத்தையா. எதுக்கு விரலைத் தூக்குனீக?"

"கேட்டுச்சுய்யா."

"என்ன கேட்டுச்சு?"

"அவ கூப்பிட்டது கேட்டுச்சு. அன்னைக்குக் கேட்டுச்சு. எழுதிக்கங்க."

சாத்தையா தன் கையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "கேக்கலைன்னு எழுதுனா, அவ வெறுங்காத்தைப் பார்த்துக் கத்திட்டுச் செத்த மாதிரி ஆயிரும்யா. கேட்டுச்சு, நான் போகலைன்னு எழுதுங்க. நான் செயிலுக்குப் போயிர்றேன்."

டாக்டர் எழுந்து தன் அறைக்குப் போனார். எல்லோரையும் அங்கே வரச் சொன்னார். எப்போதும்போல் தன் இடத்தில் உட்கார்ந்தார். விளக்கும் எப்போதும்போல் அவர் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. இந்த மனிதருக்கு வெறுங்காதால் அந்தத் தூரத்துக் குரல் கேட்டிருக்க வழியே இல்லை, என் கையெழுத்தில் தருகிறேன் என்று சப்-இன்ஸ்பெக்டரிடம் சொன்னார்.

சப்-இன்ஸ்பெக்டருக்கு அது போதுமாக இருந்தது. ஆண்டியப்பனுக்குப் போதவில்லை.

"இவருக்குத்தான் மிசின் வாங்கிக் குடுத்திருக்கே சார். அதைப் போட்டிருந்தாக் கேட்டிருக்குமா, கேட்டிருக்காதா? அதைச் சொல்லுங்க."

டாக்டர் பொய் சொல்லத் தெரியாதவர். "திறந்த வெளியில, காத்தடிக்கிற எடத்துல அந்த மெஷின் எப்படி வேலை செய்யும்னு நான் உட்கார்ந்த எடத்துலருந்து சொல்ல முடியாது" என்றார்.

"கேட்டிருக்கலாம்தானே?"

"கேட்டிருக்கலாம். கேக்காமயும் இருந்திருக்கலாம்."

சாத்தையா சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். அவர் டாக்டரின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை அவர் முகம் மாறியபோதுதான் நான் கவனித்தேன். 'கேட்டிருக்கலாம்' என்பதைப் பிடித்துவிட்டார். அடுத்ததைப் பிடித்தாரா என்று தெரியவில்லை. டாக்டரும் திரும்பிப் பார்த்தார். பிறகு கையை நீட்டி விளக்கை அணைத்தார். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

வழக்கு விபத்து என்று முடிந்தது. ஆண்டியப்பன் குடும்பம் அந்த வீட்டோடு பேச்சை நிறுத்திக்கொண்டது. காரியத்துக்கு வந்த மகன் விடுமுறை முடிந்து போய்விட்டான். டாக்டர் அதன் பிறகு தன் கேள்வியோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டார்: "அவுக பக்கத்துல இல்லாத நேரத்துல?"

சில மாதம் கழித்து, போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அவரே என்னை அனுப்பினார். சாத்தையா வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். ஷேவ் செய்யாமல் தாடி மண்டியிருந்தது. பக்கத்து வீட்டில் சோறு கொடுக்கிறார்கள் போலிருக்கிறது, தூக்குச் சட்டி ஒன்று இருந்தது. நான் அவருடைய இடது காதருகே கையைக் குவித்து வைத்துப் பேசினேன். இனிமேலாவது மாட்டிக்கொள்ளலாமே, தனியாக இருக்கிறீர்களே என்றேன்.

அவர் உள்ளே போய்த் தகரப் பெட்டியைத் திறந்து மெஷினைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

"இப்ப இதைப் போட்டு எனக்குக் கேட்டுச்சுன்னா, அன்னைக்கும் கேட்டிருக்கும்னு ஆயிரும்மா" என்றார்.

மெஷினை எடுத்துப் போகச் சொன்னார். மகன் வாங்கிக் கொடுத்தது, உங்களிடமே இருக்கட்டும் என்று சொல்லி வைத்துவிட்டு வந்தேன்.

அவர் தானாகக் கிளினிக்குக்கு வந்தது எழுபதுகளின் நடுவில். அதற்குள் ஆள் பாதியாகியிருந்தார். பேச்சும் குழறியது. நாள்கணக்கில் பேசாமல் இருப்பவர்களுக்கு அப்படி ஆகும். துண்டில் முடிந்து வைத்திருந்த மெஷினை எடுத்து மேஜையில் வைத்தார். ஓடுமா என்று கேட்டார். பேட்டரி கசிந்து பச்சை பிடித்திருந்தது. துடைத்து, முனைகளைச் சுரண்டிப் புதிய பேட்டரி போட்டேன். ஓடியது. மாட்டிவிடப் போனபோது தடுத்தார்.

"இங்க வேணாம். கொல்லைக்கு வாங்க. நான் அன்னைக்கு நின்ன எடத்துல நிக்கிறேன். நீங்க கிணத்துல எறங்கிக் கூப்பிடுங்க. எனக்குத் தெரியணும்."

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவரோ, "போயிட்டு வாங்க. பார்த்து எறங்குங்க" என்றார்.

பஸ்ஸில் போனோம். கொல்லையில் கடலை போட்டிருந்தது. காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது. அவர் ஒரு வரப்பில் போய் நின்று, குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்து, கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார். பையைக் கழுத்தில் மாட்டி, அச்சைக் காதில் வைத்து, திருகைச் சரி செய்தேன். பேசிப் பார்த்தேன். கேட்கிறது என்றார். அவர் முகம் இறுகியிருந்தது.

"நான் என்ன சொல்லிக் கூப்பிடணும்?" என்று கேட்டேன்.

"'இங்குட்டு வாங்க'ம்பா. வேற ஒன்னும் சொல்ல மாட்டா."

முதுகைக் காட்டி நின்றார். நான் கிணற்றுக்கு நடந்தேன். படிக்கல் ஒவ்வொன்றும் சுவரிலிருந்து ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தது. செருப்பை மேலே விட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். தண்ணீர் பாசி பிடித்துக் கறுப்பாக இருந்தது. மேலே ஒரு சதுரம் வானம் மட்டும் தெரிந்தது. "இங்குட்டு வாங்க" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அது சுவரில் மோதி என்னிடமே திரும்பி வந்தது. உரக்கச் சொன்னேன். பிறகு கத்தினேன். பத்து வருடமாகக் கத்திப் பேசக் கூடாது என்று பழகிய வேலை என்னுடையது. அன்று தொண்டை கிழியக் கத்தினேன். நடுவில் எப்போதோ, எதற்காகக் கூப்பிடுகிறேன் என்பது போய், உண்மையிலேயே யாராவது வர வேண்டும் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன்.

மேலே தலைகள் தெரிந்தன. பெண்களின் தலைகள். "யாரு? யாரு விழுந்தது?" என்று கேட்டுக்கொண்டே ஒருத்தி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்க ஆரம்பித்திருந்தாள். தள்ளி வேலை செய்துகொண்டிருந்தவர்கள். அந்தக் கிணற்றிலிருந்து பெண் குரல் கேட்டதும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறார்கள்.

நான் விழவில்லை என்று சொல்லி மேலே ஏறி வந்தேன். சாத்தையா இப்போது திரும்பி நின்றுகொண்டிருந்தார். அவரைத் தாண்டிப் பெண்கள் ஓடியதைப் பார்த்துத்தான் திரும்பியிருக்கிறார்.

"கூப்பிட்டீகளா?" என்றார்.

"கூப்பிட்டேன்."

"ரொம்ப நேரமாவா?"

"ரொம்ப நேரமாத்தான்."

"மழை பெய்யிற மாதிரிதான் இருந்துச்சு. வேற ஒன்னும் வரலை." அவர் மெஷின் பெட்டியை உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தார். "சத்தியமா வரலைம்மா."

"காத்து சாஸ்தி. வராதுதான்" என்றேன்.

ஓடி வந்த பெண்களில் வயதான ஒருத்தி விஷயம் புரிந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சாத்தையா அழவில்லை. வரப்பில் கொஞ்ச நேரம் குந்தி உட்கார்ந்திருந்தார். மெஷினைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கழற்றவில்லை. அப்படியே எழுந்து நடந்தார்.

அதன் பிறகு அவர் இறக்கும்வரை தூங்கும்போது தவிர அது காதில்தான் இருந்தது என்று அவர் மகன் பின்னால் வந்து சொன்னான். தனி வீட்டில், பேச ஆளில்லாமல், மெஷினை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். என் அனுபவத்தில் மெஷினை விடாமல் மாட்டியிருந்தவர் என்று நான் உறுதியாகச் சொல்லக் கூடிய சிலரில் அவர் ஒருவர்.

நான் கிணற்றில் இறங்கிய அன்று என்னைப் பஸ் ஏற்றிவிட ரோடு வரைக்கும் கூட வந்தார். மரத்தடியில் நின்றோம். காற்று அடங்கியிருந்தது. பஸ் வரக் காணோம். நான் தொண்டை வலியோடு பேசாமல் நின்றேன்.

"பேசுங்கம்மா" என்றார்.

"என்ன பேச?"

"எதையாச்சும்."

அம்மாவுக்கு முழங்கால் வலி என்றேன். கிளினிக் மின்விசிறி கடகடவென்று ஆடுகிறது, டாக்டர் மாற்ற மாட்டேன் என்கிறார் என்றேன். எங்கள் தெருவில் தண்ணீர் வராதது, அக்கா மகள் வயதுக்கு வந்தது, காலையில் வைத்த குழம்பில் உப்பு கூடியது என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். குரல் கம்மிப் போயிருந்தது. அவர் குனியவில்லை, என் வாயைப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்தபடி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.